வீடியோ பாத்து வெட்டறவங்க அவங்கவங்க வீட்டு மாடில வெட்டுங்க

கையெல்லாம் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க, பொறுக்க முடியாட்டி போங்க.

என் பாகக்கொடிய வெட்டிட்டாங்க. வெட்டினது ஆடு இல்ல குரங்கு இல்ல, எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா. அதாவது எனக்கு சின்ன மாமனார். அதாவது வாயத் தொறந்து ஒரு வார்த்தை திட்ட முடியாது. அதாவது வெட்டி முடிச்சு கை கழுவிட்டு வந்தவருக்கு நான் காபி போட்டுக் குடுத்தேன், சர்க்கரை போதுமா மாமான்னு வேற கேட்டேன்.

பாகல் வச்சவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். முதல்ல வர்றது பூரா ஆண் பூ, பூத்துப் பூத்து உதிரும், மாடிக்கு வர்றவங்க எல்லாம் என்னம்மா காயே காணோம்னு துக்கம் விசாரிப்பாங்க. அப்புறமா பக்கக் கிளையில, பூவுக்கு அடியில பொடிசா ஒரு பாகக்காயோட பெண் பூ எட்டிப் பாக்கும். எங்க மாடில தேனீ எட்டிக்கூடப் பாக்கறதில்ல, காலைல கீழ குக்கர் கத்த கத்த மேல ஓடி ஆண் பூவைப் பறிச்சு இதழைப் பிச்சுட்டு பெண் பூவுல தடவிட்டு ஓடியாருவேன். பிஞ்சு பிடிச்சா பழ ஈ. தோலுக்குள்ள முட்டை வச்சிட்டுப் போயிரும், காய் கோணி மஞ்சளாகி உள்ள புழு நெளியும். இனக்கவர்ச்சிப் பொறி வாங்கித் தொங்கவிட்டேன், அதுல மாட்டறது பூரா ஆண் ஈ, முட்டை வைக்கிற மகராசி வெளிய ஜாலியா சுத்துறா. அதனாலதான் ஒவ்வொரு பிஞ்சுக்கும் பேப்பர் கவர் மாட்டி நூல் கட்டி வச்சிருந்தேன். ரகம் எம்டியு 1, எங்க மதுரை விவசாயக் கல்லூரி ரகம், காய் 30 செ.மீ.க்கு மேல நீளும். நீளவிட்டாதானே.

ஞாயித்துக்கிழமை மாமா வந்தாரு. மாடிக்குப் போனாரு. பந்தலை அண்ணாந்து பாத்தாரு.

"ஏம்மா மருமகளே, இதுக்கு 3ஜி கட்டிங் பண்ணிருக்கியா?" (தெரியாதவங்களுக்கு: முதல் தண்டு 1ஜி, அதுல வர்ற கிளை 2ஜி, ரெண்டோட நுனியையும் வெட்டிவிட்டா அடுத்து வர்ற 3ஜி கிளையில பெண் பூ நிறைய வரும்ங்கிற கணக்கு.)

"நுனி எப்பவோ கிள்ளியாச்சு மாமா, இப்ப ஓடுறதெல்லாம் பக்கக் கிளைதான், பிஞ்சே பிடிச்சிருச்சு."

"அது பத்தாது." போனை எடுத்து வீடியோவப் போடுறாரு. பாத்தா அது சுரைக்காய்! சுரைக்கொடி வீடியோங்க அது! பாகல் அதுபாட்டுக்கு தானாவே கிளை விட்டுத் தள்ளும் மாமா, இதுக்கு இவ்வளவு வேணாம்னு சொன்னேன், அவரு கேட்ட மாதிரியே தலையாட்டினாரு. நம்பி கீழ போனேன், அடுப்ப அமத்திட்டு வர.

அடுப்ப அமத்த எவ்வளவு நேரமாகும் சொல்லுங்க. வந்து பாத்தா மனுசன் எங்க வீட்டு சமையக்கட்டு கத்தரிக்கோலோட (எப்ப எடுத்தாரு? எந்த நேரத்துல எடுத்தாரு?) ஸ்டூல் மேல நிக்கிறாரு, இது 1ஜி, சடக், இது 2ஜி, சடக், பாடம் வேற நடத்துறாரு, யாருக்கு, பக்கத்து மாடில வடகம் காயப்போட வந்த அக்காவுக்கு, அவங்களும் ஓஹோ ஓஹோங்கிறாங்க, தரையில கிளை கிளையா கிடக்கு, அதுல ஒரு கிளை கவரோட கிடக்கு. கவரோட! "மாமா அதுல பிஞ்சு இருந்துச்சு"ங்கிறேன். "பேப்பர் காத்துல பறந்து வந்து ஒட்டிருக்குன்னு நினைச்சேம்மா"ங்கிறாரு. நூல் கட்டிருக்கேன் மாமா, காத்து வந்து முடிச்சு போட்டுட்டா போகும்? இதை நான் கேக்கல. மனசுக்குள்ளதான் கேட்டேன். வெளிய "பரவால்ல மாமா"ன்னு சொன்னேன்.

இதோட விட்டிருந்தா இந்தப் பதிவே இல்ல. கிளை போனா திரும்பத் துளிர்க்கும். சாயங்காலம் தண்ணி ஊத்தப் போறேன், மிச்சமிருந்த கொடி மொத்தமும் துவண்டு தொங்குது. சரி வெயிலுன்னு ஊத்துறேன், ஊத்துறேன், குரோ பேக் நிறைஞ்சு கீழ வழியுது, ஒரு இலை நிமிரல. குனிஞ்சு பாத்தா அடித்தண்டே இல்ல. மண்ணுக்கு ஒரு சாண் மேல சுத்தமா ஒரு வெட்டு. மேல கொடியோட பற்றுக்கம்பி எல்லாம் பந்தலைப் பிடிச்சிட்டு இருந்ததால கொடி அதுபாட்டுக்கு நின்னிருக்கு, எவனுக்கும் தெரியல. அப்பதான் காபி குடிக்கையில மாமா சொன்னது ஞாபகம் வருது, "கீழ காஞ்ச தண்டு ஒன்னு கிடந்துச்சு, அதையும் எடுத்துவிட்டேன்." ஐயா, வயசான பாகலுக்கு அடித்தண்டு அப்படித்தான்யா வெளுத்துப்போய் கிடக்கும், வேர்ல இருந்து தண்ணி மேல போறதுக்கு இருக்கறதே அந்த ஒத்தத் தண்டுதான்யா!

வீட்டுக்காரரு சொல்றாரு, மார்க்கெட்டுல கிடைக்காத பாகக்காயா. அவருகூட ரெண்டு நாளா பேசறதில்ல, அவருக்கு அது இன்னும் தெரியல.

இன்னைக்கு காலைல மாமா போன். "என்னம்மா, பெண் பூ கொத்துக் கொத்தா வந்திருக்குமே?"

"கொடி பட்டுப்போச்சு மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "உரம் பத்தலம்மா."

எனக்கு சிரிப்பு வந்துருச்சுங்க. நெசமா, போனை வச்சிட்டு ஸ்டூல்ல உக்காந்து சிரிச்சேன். அதுக்கு மேல, வைக்கிறதுக்கு முன்னாடி சொல்றாரு, "எப்படியும் எனக்கு பாகக்கா ஆகாது, கசக்கும்."

போகட்டும். கத்தரிக்கோல்னதும் இன்னொன்னு ஞாபகம் வருது, இந்த பால் பாக்கெட் மூலைய தனியா வெட்டி அந்தத் துணுக்க சிங்க்லயே விட்டுட்டுப் போறது யாருங்க எங்க வீட்டுல? கேட்டா ஒருத்தரும் இல்லையாம். அப்ப அதுவா நடந்து போய் சிங்க் ஓட்டைய அடைக்குதா? நாளைல இருந்து பாலு எனக்கு மட்டும்தான் காய்ச்சுவேன், மத்தவங்க அவங்கவங்களே பாத்துக்கங்க.