பால் வற்றிய எருமைக்கு யார் தீவனம் வைப்பது?

எருமை வளர்ப்புப் பயிற்சி என்று எங்கே போனாலும் ஒரே பாட்டுதான். உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது), அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு 2 லிட்டருக்கும் 1 கிலோ, பசும்புல் இருபது இருபத்தைந்து கிலோ, கொஞ்சம் தாது உப்பு. கணக்கு சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரெண்டு எருமையும் ஒரு ஏக்கர் மானாவாரியும் வைத்திருப்பவர் கையில் காசு வரும்போதுதான் புண்ணாக்கு மூட்டை வாங்குவார், அந்தக் காசு எப்போது வரும் எப்போது நிற்கும் என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை.

எங்கள் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் மழை பெய்தால் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் இருக்கும், கோடையில் வெள்வேலங்காய் உதிரும், எருமை அதைப் பொறுக்கித் தின்னும். மற்றபடி போர் போட்டு வைத்த சோளத்தட்டுதான். டெல்டாக்காரர்களுக்கு வைக்கோல். அதில் புரதம் மூன்று நான்கு சதவீதம் தேறினால் பெரிது, அதையும் அறுப்பு மிஷின் வந்த பிறகு கட்டுக் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. யூரியா தெளித்து மூடி 21 நாள் வைத்தால் வைக்கோல் தேறும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா. அளவு தவறினால் மாடு செத்துவிடும் என்று பயந்து எனக்குத் தெரிந்த யாரும் செய்யவில்லை, அந்தப் பயமும் நியாயமானதுதான்.

கறவை எருமைக்கு மட்டும் ராஜ உபசாரம். ராத்திரியே ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டி, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து தொட்டியில் ஊற்றினால் மூக்கு முங்க முகத்தை உள்ளே விட்டு, அடியில் தங்கின புண்ணாக்கைத் தேடிக் குமிழி விட்டுக்கொண்டு உறிஞ்சும். நிமிரும்போது முகமெல்லாம் தவிடு! கன்று செத்த எருமையாக இருந்தால் தவிட்டு வாளி முன்னால் இல்லாமல் பாலே விடாது. பாலில் கொழுப்பு ஆறு ஏழு சதவீதம் நிற்கும், விலையும் கொழுப்பைப் பார்த்துத்தான், அதனால் போட்ட தீவனம் காசாகத் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும்.

பால் வற்றியதும் தொட்டியில் வெறும் கழனித்தண்ணிதான். சினை எருமை, வயிற்றில் கன்று வேகமாக வளர்கிற கடைசி ரெண்டு மாசம், அப்போதுதான் ஒன்றிரண்டு கிலோ அடர்தீவனம் கூடுதலாக வேண்டும். கிடைப்பதோ காய்ந்த தட்டு. அதன் பலன் ஈன்ற பிறகு தெரியும்: நாலு லிட்டர் கறக்க வேண்டியது மூன்றில் நின்றுவிடும், மறுபடி பருவத்துக்கு வர மாசக்கணக்கில் இழுக்கும், அடுத்த கன்றுக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிடும். அந்த இழுபறியில் வெறுத்துப்போய்த்தான் பல பேர் எருமையைச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள்.

இதை அறியாமை என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் சித்தியிடம் ஒரு தடவை இதையே கேட்டேன். "பால் ஊத்துனாத்தான கண்ணு புண்ணாக்கு வரும்? வத்துனதுக்கு எந்தச் சொசைட்டிக்காரன் மூட்டை குடுப்பான்?" என்றார். அவ்வளவுதான் விஷயம். பால் வாங்குகிற கூட்டுறவு சொசைட்டியோ தனியார் டிப்போவோ, தீவனத்தைக் கடனுக்குக் கொடுத்துப் பால் காசுப் பட்டுவாடாவில் பிடித்துக்கொள்கிறார்கள். பால் நின்றால் கடனும் நின்றது. தீவனம் ரொம்பத் தேவைப்படுகிற நேரம் பார்த்துக் கடைக் கதவு சாத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் எருமைகள் 7.8 லட்சத்தை ஒட்டி இருந்தன, 2019-ல் சுமார் 5.2 லட்சம். தீவனம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மேய்ச்சல் நிலம் போனது, ஆள் இல்லை, ஜெர்சி கலப்பு மாடு வந்தது. ஆனால் இதைச் சரிசெய்யப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். தொடர்ந்து பால் ஊற்றினவருக்கு, எருமை வற்றிய பிறகும், ஈனுவதற்கு முந்தின ரெண்டு மாசத்துக்கு நாலு மூட்டை கடனாகக் கொடுத்து, ஈன்ற பிறகு பட்டுவாடாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் போதும். எருமை செத்துப்போனால் என்ன செய்வது என்பார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதைக் கட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உழவர் கடன் அட்டையைக் கால்நடைக்கும் நீட்டித்திருக்கிறார்கள், சரி, ஆனால் நாலு மூட்டைத் தீவனத்துக்காகப் பேங்குப் படியேறி யார் அலைவது?

உங்கள் ஊரில் எந்தச் சொசைட்டியாவது வற்றிய எருமைக்கும் இப்படித் தீவனக் கடன் கொடுத்தால், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். எங்கள் ஊரில் போய்ப் பேச எனக்கு அது வேண்டும்.