அப்பச்சோடாவில் சவர்க்காரம் வராது
"மாட்டுக்கொழுப்பில் அப்பச்சோடா போட்டுக் காய்ச்சுங்கள், கொஸ்டிக் சோடா வேண்டாம்" என்று திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. பிழை. அப்பச்சோடாவின் காரம் கொழுப்பை உடைக்கப் போதாது. ஆறியதும் மேலே கொழுப்பு கட்டிப்பட்டு மிதக்கும், அடியில் சோடாத் தண்ணீர் நிற்கும்.

சவர்க்காரத்துக்கு, உருக்கி வடித்த மாட்டுக்கொழுப்பு 500 கிராமுக்குக் கொஸ்டிக் சோடா 67 கிராம், தண்ணீர் 170 கிராம். கரண்டிக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். திறந்து கிடந்த கொஸ்டிக் சோடா நம் கடற்காற்றில் ஈரம் இழுத்துக் கசிந்திருக்கும். அதை நிறுத்தால் அளவு பிழைக்கும். தண்ணீருக்குள்தான் சோடாவைத் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அலுமினியச் சட்டியைச் சோடா அரித்துவிடும், எவர்சில்வர் எடுங்கள்.

அளவு சரியென்றால் சோடா முழுதும் கொழுப்போடு சேர்ந்துவிடும். 4 வாரம் காயவிட்ட கட்டி கையைக் கடிக்காது.