வடாபாவ் மட்டும்தானா மும்பை?
மும்பையின் சாண்ட்விச் என்றால் அது பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்துத் தரும் வடாபாவ்தான், மற்றதெல்லாம் வெறும் ரொட்டி என்று நான் படித்த ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா விற்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும் வடாபாவ் மேல் எனக்கும் மரியாதை உண்டு, சரி. ஆனால் மும்பை மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கி, கோட்டைப் பகுதியில் நான்கு வருடம் வேலை பார்த்த எனக்கு அந்த ஊரே பிடித்துப்போனது நடைபாதையில் வாங்கிய மசாலா டோஸ்ட் சாண்ட்விச்சால்தான். இரண்டு ரொட்டித் துண்டு, கை தாராளமாக வெண்ணெய், மேலே கொத்துமல்லி புதினாச் சட்னி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சிட்டிகை மசாலா. அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சில் மூடிக் கரி அடுப்பில் காட்டுவார்கள். அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர் கருத்தாக “பீட்ரூட் எதற்கு, ரொட்டி சிவந்து நசநசத்துப் போகும்” என்று எழுதியிருக்கிறார். சட்னியின் பச்சைமிளகாய்க் காரத்துக்கு அந்த இனிப்பு வேண்டும் ஐயா! நசநசக்காமல் இருக்கத்தான் முதலில் ஓரம் வரை வெண்ணெய் தடவுகிறார்கள்; ஈரம் ரொட்டிக்குள் இறங்காது. மாதக் கடைசியில் பல நாள் எனக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. இப்போது சென்னையில் மின்சார டோஸ்டரில் அதே சாமான்களைப் போட்டுச் செய்கிறேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் கரி வாசனை இல்லாமல் இறங்க மாட்டேன் என்கிறது.