கடைசி பஸ்ஸும் எங்க சித்தப்பாவும்

சனிக்கிழமை எங்க சித்தப்பாவோட அடக்க ஆராதனையில நடந்தது இங்க பாதி பேருக்கு நேர்லயே தெரியும், மீதி பேருக்கு அந்த ஆடியோ வந்திருக்கும், அதனால நான் மறுபடி முழுசா எழுதப் போறதில்ல. "ஆயுசு முழுக்க ஊர் சுத்திட்டு கடைசி பஸ்ஸ பிடிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, அதுல சீட் கிடையாது." செய்தி கொடுத்த, அதாவது பிரசங்கம் பண்ணின, அண்ணன் மைக்ல சொன்ன இந்த ஒரு வரி போதும். கடைசி நேரத்துல மன்னிப்பு கேட்டு பரலோகம் போயிர முடியாதுன்னு அர்த்தம். பெட்டி இன்னும் மூடல. சித்தி முன்வரிசையில தலைய குனிஞ்சு சேலை முந்தானைய விரல்ல சுத்திட்டு உக்காந்திருந்தாங்க.

நாலு நாள் பொறுத்துப் பாத்துட்டேன். முடியல.

சித்தப்பா குடிச்சார், நான் மறைக்கல. முப்பது வருஷம். வேலை போச்சு, வயல் போச்சு, பேர் போச்சு. இதெல்லாம் மைக்ல சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? ஆனா சீட் கிடையாதுன்னு சொல்ல நீங்க யாரு? டிக்கெட்டே இல்லாத பஸ்ங்க அது. யாரும் காசு கொடுத்து ஏறல, செய்தி கொடுத்த அண்ணன் உட்பட.

இதுல பெரிய கூத்து என்னன்னா, இந்த வருஷம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையில ரெண்டாம் வார்த்தையப் பத்திப் பேச இதே அண்ணனுக்குத்தான் கொடுத்திருந்தாங்க. பக்கத்து சிலுவையில தொங்கின கள்ளன்கிட்ட இயேசு சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்". அன்னைக்கு என்ன உருக்கம், என்ன கண்ணீர். அந்தக் கள்ளன் ஞானஸ்நானம் எடுத்தானா, தசமபாகம்னு வருமானத்துல பத்துல ஒண்ணு கொடுத்தானா, திருந்தி வாழ்ந்து காட்டத்தான் நேரம் இருந்துச்சா? சிலுவையில தொங்கிட்டு "அடியேனை நினைத்தருளும்"னு கேட்டான், அவ்வளவுதான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கள்ளன்னா நமக்கு கண்ணீர் வருது, பக்கத்து தெரு குடிகாரன்னா சீட் இல்ல.

நான் ஒண்ணும் பெரிய ஒழுங்கு இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆறாம் கிளாஸ் படிக்கும்போது ஞாயிறு பள்ளி மனப்பாட வசனப் போட்டியில, ரட்சிப்பப் பத்தி பைபிள்ல வர்ற எபேசியர் 2:8,9 சொல்லி முதல் பரிசு வாங்கினேன். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." மூச்சு விடாம சொன்னேன். ரோஸ் கலர் சோப்பு டப்பா கொடுத்தாங்க. பெருமைபாராட்டாதபடிக்குன்னு சொல்லி வாங்கின அந்த டப்பாவ வச்சுக்கிட்டு ஒரு வருஷம் தெருவுல நான் பண்ணின பெருமை இருக்கே! அதனால நமக்குள்ள இந்த வியாதி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில சபையில சீர்திருத்தம் கொண்டுவந்த லூத்தர் கதை கேக்குறோம். 1517, விட்டன்பர்க், 95 குறிப்புகள், டெட்சல் வித்த பாவமன்னிப்புச் சீட்டு, எல்லாம். அந்தச் சீட்டு காசுக்கு. நம்ம சீட்டு நல்ல பேருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். 1999-ல ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து, கடவுள் நம்மள ஏத்துக்கறது அவரோட கிருபையினாலதான், நம்ம தகுதியால இல்லன்னு கூட்டா கையெழுத்தே போட்டுட்டாங்க. நானூத்தி சொச்சம் வருஷம் அடிச்சுக்கிட்டவங்களே ஒத்துக்கிட்டாச்சு, எங்க ஊர் மைக்குக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரல போல.

சரி, கமெண்ட்ல வரப்போறத நானே சொல்லிடறேன்.

"அப்போ எப்படி வேணா வாழ்ந்துட்டு கடைசில மன்னிப்பு கேட்டா போதுமா?" ஐயா, இந்தக் கேள்விய அப்போஸ்தலன் பவுலே பைபிள்ல ரோமர் 6-ல எடுத்து பதிலும் சொல்லிட்டார், போய் வாசிங்க. அதோட ஒண்ணு, எங்க சித்தப்பா ஜாலியா வாழ்ந்துட்டுப் போனார்னு நெனைக்கறவங்க ஒரு நாள் காலையில அஞ்சு மணிக்கு அவர் கை நடுங்கினதப் பாத்திருக்கணும்.

"கிரியை, அதாவது நல்ல செயல், இல்லாத விசுவாசம் செத்தது, பைபிள்ல யாக்கோபு சொல்லலையா?" சொன்னார். அது உயிரோட இருக்கறவங்களுக்கு, நீங்களும் நானும் கேக்க வேண்டியது. பெட்டிக்குள்ள இருக்கறவர் என்ன கிரியை பண்ணுவார்?

மூணாவது கேள்வி இன்பாக்ஸ்ல ஒரு அக்கா கேட்டது. கடவுள் மன்னிச்சுட்டார் சரி, அடி வாங்கினது உங்க சித்திதானேன்னு. இதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா. ரெண்டு நாளா யோசிக்கறேன். கடவுளே மன்னிச்சுட்டார், நீ யாருடி மன்னிக்காம இருக்கன்னு சித்திகிட்ட எவனாவது வந்து சொன்னா அவன் மேலயும் எனக்கு இதே கோவம்தான் வரும். சித்தி மன்னிச்சாங்களான்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன்.

ஆனா கடைசி வாரம் ஆஸ்பத்திரியில நான் இருந்தேன். வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளா. ஸ்பூன்ல தண்ணி விட்டா பாதி கடவாயோரம் வழிஞ்சிரும். ஜெபம் பண்ணட்டுமா சித்தப்பான்னு கேட்டேன். "நான் என்னத்த கேக்கட்டி, கேக்க மூஞ்சி இருக்கா"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, நான் தூங்கிட்டேன்னு நெனச்சுட்டு, சுவத்தப் பாத்து "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்"னு மெல்ல சொன்னார். இயேசு சொன்ன கதையில வர்ற ஆயக்காரன், வரி வசூலிக்கறவன், பண்ணின ஜெபம். எந்த ஞாயிறு பள்ளியில படிச்சாரோ. அவருக்கு யாரும் சோப்பு டப்பா கொடுக்கல.

இயேசு சொன்ன இன்னொரு கதையில சாயங்காலம் அஞ்சு மணிக்கு திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவனுக்கும் அதே ஒரு பணம்தான் கூலி. காலையிலேருந்து வெயில்ல நின்னவங்க முறுமுறுத்தாங்க. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா"ன்னு எஜமான் கேட்டார். வன்கண்ணன், அடுத்தவனுக்குக் கிடைச்சதப் பாத்து பொறாமைப்படறவன். சனிக்கிழமையிலேருந்து இந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அந்த அண்ணனுக்காக மட்டும் சொல்லல, இத டைப் பண்ணும்போது எனக்குள்ளயும் அது இருக்கத்தான் செய்யுது.

விவாதம் பண்ணனும்னா பண்ணுங்க. அந்த ஆடியோவ மட்டும் இங்க போடாதீங்க, குரூப்லயும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க. போன மாசம்தான் பேரன் சித்திக்கு போன்ல வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருக்கான்.