பிட்டுக்கு முன்பதிவு

பிட்டுச் சாப்பிட வேண்டுமென்றால் முதல் நாள் இரவே சொல்லி வைக்க வேண்டும் என்று இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லும் காலம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வந்துவிட்டது. கடந்த மாதம் அறுகம் குடாவில், கடலைப் பார்த்தபடி பிரம்புக் கதிரைகள் போட்டிருந்த ஒரு கபேயில், அந்தப் பாக்கியம் எனக்கும் என் தாயாருக்கும் கிடைத்தது.

நாங்கள் மட்டக்களப்புக் கல்லடிக்காரர். காத்தான்குடி, ஆரையம்பதி, கல்லாறு, மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று ஏ4 வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே வந்தால்தான் பொத்துவில், அதை ஒட்டியதுதான் அறுகம் குடா. மூங்கிற் குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி விழுவதைப் போல இந்த வீதியில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு சமூகங்களும் ஒட்டி வாழ்வதைச் சொல்வதற்கு 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பதைவிடப் பொருத்தமான உவமை எங்களுக்கு அகப்படவில்லை. மேடைக்கு மேடை அரசியல்வாதிகள் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அப்படிப்பட்ட கரையில்தான் பிட்டுக்கு முன்பதிவு கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம். வாசலில் வைத்திருந்த கரும்பலகையில் 'பாரம்பரிய இலங்கைக் காலை உணவு' என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தது. உணவுப் பட்டியலிலும் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பரிமாறிய பொத்துவில் தம்பியிடம் விடியற்காலையில் பிட்டுக் கிடைக்குமா என்று கேட்டேன். "அதுக்கு இப்பவே சொல்லணும் அண்ணன், ராவைக்கே ஆயத்தப்படுத்தணும்" என்றார். பான்கேக்குக்குச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். அவகாடோ பூசிய பாண் துண்டுக்கு? அதுவும் வேண்டாம், எந்த நேரம் கேட்டாலும் பத்து நிமிடத்தில் வருமாம். ஊரில் விளையாத கோதுமைக்கு இருக்கும் உடனடி மரியாதை, வயலை அண்டிக் கிடக்கும் பொத்துவிலில் அரிசி மாவுக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு இரண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தட்டு வந்தபோது எட்டு நாற்பது. நீரிழிவுக்கு மாத்திரை போட்ட என் தாயார் அதுவரை வெறும் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார்.

வந்ததைச் சொல்கிறேன். குழலில் அவித்ததென்றால் குழலின் வடிவம் இருக்க வேண்டும். இது ஒரு கோப்பைக்குள் அமுக்கிக் கவிழ்க்கப்பட்டு, பிள்ளைகள் கடற்கரையில் கட்டும் மணல் வீடு போல நின்றது. உச்சியில் புதினா இலை. சம்பல் வந்த பாத்திரம் அகல் விளக்கு. ஆம், கார்த்திகைக்கு நாங்கள் வாசலில் ஏற்றுகிற அதே மண் சிட்டி, அதற்குள் ஒரு தேக்கரண்டிச் சம்பல். சொதி, மருந்து அளக்கும் அளவிலான கண்ணாடிக் குவளையில் வந்தது. விரலால் தொட்டால் பிட்டின் வெளிப்புறம் சுட்டது, நடுப்பகுதி குளிர்ந்து கல்லாக இருந்தது.

பிட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. வறுத்த மாவில் உப்புக் கலந்த சுடுநீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து, கட்டியில்லாமல் மணி மணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூவோடு ஆவியில் வைத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் மண். ஆறிய பிட்டையும் தின்னலாம்தான், ஆனால் அதற்குச் சொதி தட்டில் வெள்ளமாக நிற்க வேண்டும், அல்லது சட்டித் தயிரும் வாழைப்பழமும் வேண்டும். இரண்டாவது முறை சொதி கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணமாம். தயிர் கேட்டேன், பிளாஸ்ரிக் கோப்பையில் இனிப்பு யோகட் வந்தது. முதல் நாள் வரும் வழியெல்லாம் தெருவோரக் கொட்டில்களில் எருமைத் தயிர்ச் சட்டிகள் வரிசையாகத் தொங்கியதை இந்தக் கண்களால் பார்த்தவன் நான்!

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதே மணல் வீட்டில் இரண்டு கரண்டி எடுத்து, தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, பான்கேக்குக்கு மாறினார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்கள் ஊரை நம்பி, எங்கள் உணவை உண்ண விரும்பி, காசு கொடுத்தவர்கள். ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இப்படி விக்கிக்கொண்டு, தமிழரும் முஸ்லிம்களும் காலையில் தின்பது இந்த உலர்ந்த மண்ணைத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு விமானம் ஏறியிருப்பார்களோ என்று நினைத்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பற்றுச்சீட்டு வந்தது. தலைக்கு 1,850 ரூபா, இருவருக்கு 3,700, சேவைக் கட்டணம் பத்து வீதம் 370, ஆக 4,070. எந்தச் சேவைக்கு என்று கேட்க வாய் எடுத்தேன். அந்தத் தம்பியின் முகம் எனக்கு முன்னரே சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "கோவிக்காதீங்க அண்ணன், இது இங்க அவிக்கிறதில்ல. ராக் கடையில வாங்கி பிரிட்ஜில வெச்சி, காலையில மைக்ரோவேவ்ல சுட வெக்கிறது. எங்கட வீட்ட உம்மா விடியவே அவிப்பா, இத நான் தின்ன மாட்டன்" என்றார்.

முதல் நாள் இரவே சொல்லச் சொன்னதன் இரகசியம் இதுதான். மாவை ஊறவைக்க அல்ல, கடை பூட்டுவதற்குள் ஆளை அனுப்ப! அதையே விடியற்காலையில் எந்த வீட்டிலாவது அவிக்கக் கொடுத்து வாங்கியிருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருமானம், எங்களுக்குச் சூடான பிட்டு. அந்தச் சிறிய அக்கறைகூட அந்த முதலாளிக்கு இல்லை, அகல் விளக்குத் தேடி வாங்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் கோமாரி தாண்டி ஒரு சட்டித் தயிர் வாங்கினோம். தாயார் அதை மடியில் வைத்துக்கொண்டு கல்முனை வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "ராவைக்குப் பிட்டு வேணுமெண்டா இப்பவே சொல்லிப்போடு மனே."