சுரங்கப் பங்குக்குப் போன வருட லாபம் போதாது

இரும்புத்தாதுச் சுரங்கப் பங்கு ஒன்று போன வருட லாபத்தைப் போல 5 மடங்கு விலைக்குக் கிடைக்கிறது, அதனால் மலிவு என்கிறது உங்கள் கட்டுரை. சுரங்கத் தொழிலில் பங்கு இப்படி மலிவாகத் தெரிவது பெரும்பாலும் தாது விலை உச்சத்தில் இருந்து லாபமும் பெருத்திருக்கும்போதுதான். 2011ல் டன்னுக்கு 190 டாலர் வரை போன தாது, 2015 டிசம்பரில் 40க்குக் கீழே வந்தது. 2021 மே மாதம் 200ஐத் தாண்டியது. இதில் எந்த வருடத்தை நம்புவது?

பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் வழியில் 10 வருட லாபத்தையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சராசரி எடுங்கள்; பங்கு விலை அதைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். பணவீக்கம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் 10 வருடம் முந்தைய 100 கோடி, இன்றைக்குச் சுமார் 163 கோடி. நஷ்ட வருடங்களை விடக் கூடாது. நடுவில் புதுப் பங்கு வெளியிட்டிருந்தால் பங்கு ஒன்றுக்கான லாபத்தைத்தான் எடுக்க வேண்டும் (பலரும் கோட்டை விடுவது இங்கேதான்).

எங்கள் காரைக்குடிப் பக்கம் பர்மா கதை தெரியாதவர் குறைவு. எங்கள் ஊர்ச் செட்டியார்கள் அங்குள்ள விவசாயிகளுக்கு, நெல் நல்ல விலை விற்ற காலத்து வயல் மதிப்பில் கடன் கொடுத்தார்கள். 1930ல் விலை விழுந்ததும் பணத்துக்குப் பதில் வயல்தான் கைக்கு வந்தது.

ஆனால் ஒன்று, ஷில்லர் கணக்கு மொத்தச் சந்தைக்குப் போட்டது. தனிச் சுரங்கத்தில் தாது தீரும், குத்தகையும் முடியும். 12 வருடத்துக்கு மட்டும் இருப்பு உள்ள கம்பெனிக்குச் சராசரி லாபத்தில் 15 மடங்கு கொடுத்தால் போட்ட பணமே திரும்பாது. ஆண்டறிக்கையில் உள்ள தாது இருப்புக் கணக்கையும் அடுத்த கட்டுரையில் போடுங்கள் சார்.