கார் வரலாம், குறுக்கே போகத்தான் கூடாது

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். நகர மையத்தின் குறுக்கே கார்கள் போவதைத் தடுத்த பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் போக்குவரத்துத் திட்டத்தை ஆதரித்து நாலு வரி எழுதினேன். "கார் வாங்க வக்கில்லாதவர்களின் வயிற்றெரிச்சல்" என்று பதில் வந்தது. சிரிப்புக்குறி போட்டவர்களில் நெருங்கிய நண்பர்களும் உண்டு. இருக்கட்டும்.

என்னிடம் கார் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித்தான் வாயைத் திறக்க வேண்டும் போல.

மறுபடியும் சொல்கிறேன். நகர மையத்துக்கு வருகிற கார் வேறு, மையத்தைக் குறுக்கு வழியாக்கி அந்தப் பக்கம் போகிற கார் வேறு. கென்ட் 2017இல் மறித்தது இரண்டாவதைத்தான். நடுவே நடப்பவர்களுக்கான பகுதி. அதற்குள்ளும் அனுமதி பெற்ற வண்டிகள் போகும். அதைச் சுற்றி ஆறு பிரிவுகள். எந்தப் பிரிவுக்கும் காரில் போகலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் வெளியே சுற்றுச்சாலைக்கு வந்து திரும்ப நுழைய வேண்டும். நெதர்லாந்தின் கிரோனிங்கன் 1977லேயே மையத்தை நான்காகப் பிரித்து இதைச் செய்துவிட்டது. வரலாம், குறுக்கே போகத்தான் கூடாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"மக்கள் ஏற்க மாட்டார்கள்" என்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். 2006இல் சில மாதங்கள், மையத்துக்குள் போய்வரும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வண்டிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. அப்புறம் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள். 2007இல் நிரந்தரமானது.

பேருந்து சரியில்லாத ஊரில் கட்டணம் போட்டால் ஏழைகளுக்குத்தானே அடி? நியாயம்தான், முதலில் பேருந்தைச் சரிசெய்யட்டும். வியாபாரம் படுத்துவிடும் என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: குறுக்கே பறக்கிற கார் என்றைக்குக் கடை வாசலில் நின்று பொருள் வாங்கியது?

ஆனால் "வயதானவர்கள் பாவம் இல்லையா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

என் அம்மா நடைசட்டம் பிடித்து நடப்பவர். ஒருமுறை நடைபாதையை அடைத்து ஒரு கார் நின்றது. சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மா திரும்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா கேட்டார், மன்னிப்பு!

நடக்க முடியாதவர்களுக்குக் கார் வேண்டும்தான், யார் இல்லையென்றது? லண்டனில்கூட மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை இருந்தால் நெரிசல் கட்டணத்தில் முழு விலக்கு வாங்கலாம். முடியாதவர்களுக்கு வழிவிட்டு, முடிந்தவர்களைச் சுற்றிப் போகச் சொல்வதுதான் திட்டமே. அந்த "முடிந்தவர்கள்" நீங்களும் நானும். நமக்குத்தான் வலிக்கிறது. அதை நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன், எதற்கு என் அம்மாவை முன்னால் நிறுத்துகிறீர்கள்? நடைபாதையில் ஏற்றி நிறுத்திய காரைப் பற்றி உங்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.